எங்கிருந்து, எங்கு வரை: நகர்மன்றத் தீர்மானம் எழுதும் தொழில்

நகர்மன்றம் ஒரு பொருளில் என்ன முடிவெடுத்தது என்பதற்குச் சான்றாக நிற்பது, பக்க எண் இடப்பட்ட தீர்மானப் புத்தகத்தில், அலுவலக வழக்கில் மினிட் புத்தகம் எனப்படும் பதிவேட்டில், தலைவரின் கையொப்பத்துக்கு மேலே எழுதப்பட்டுள்ள வாசகம் மட்டுமே. தெருவுக்கு வடிகால் வருவதும், நகராட்சிக் கடை ஒருவருக்குக் குத்தகையாவதும், வாரச்சந்தை இடம் மாறுவதும் அந்த வாசகத்தைக் கொண்டே நடக்கின்றன. பிற்காலத்தில் தணிக்கையிலும் நீதிமன்றத்திலும் எடுத்துப் படிக்கப்படுவதும் அதுதான். ஆயினும் அவ்வாசகத்தை எழுதும் வேலை தமிழக நகராட்சிகளில் தனித் தொழிலாக மதிக்கப்பட்டதில்லை. எழுத்தர் வேலை என்ற பொதுப் பெயருக்குள் அது அடக்கப்பட்டு, கணினியில் கிடக்கும் பழைய கோப்பைத் திறந்து தெருப் பெயரையும் தொகையையும் மாற்றினால் முடிந்துவிடும் காரியம் என்றே புதிதாகப் பணிக்கு வருவோருக்கு இன்று சொல்லித் தரப்படுகிறது. இது தவறு என்பதை மன்றப் பிரிவில் பணிக்காலத்தைக் கழித்து ஓய்வுபெற்றவர்களே எடுத்துச் சொல்லியாக வேண்டும். வெளியே இருப்போருக்கு இப்படியொரு பணி இருப்பதே தெரியாது.

மன்றப் பொருள் என்பது மன்றத்தின் முடிவுக்காக வைக்கப்படும் ஒவ்வொரு விவகாரத்துக்கும் அலுவலகம் எழுதும் குறிப்பாகும். பொறியியல், வருவாய், பொது சுகாதாரம், நகரமைப்பு ஆகிய பிரிவுகளிலிருந்து வரும் கோப்புகளைப் படித்து, பார்வையில் காட்ட வேண்டிய அரசாணைகளையும் முந்தைய தீர்மானங்களையும் கோர்த்து, மன்றம் எதற்கு அனுமதி தருகிறது, எந்த நிதியிலிருந்து, எந்த வரம்புக்குள், எந்த நிபந்தனையுடன் தருகிறது என்பதைக் கூடியவரை ஒரே பக்கத்துக்குள் எழுதி முடிப்பது மன்றப் பிரிவு எழுத்தரின் கடமை. 1920ஆம் ஆண்டு மாவட்ட நகராட்சிகள் சட்டம் கூட்ட அழைப்புக்கு மூன்று முழு நாள்கள் கேட்டது. அதாவது அழைப்பு கொடுக்கப்பட்ட நாளும் கூட்டம் நடக்கும் நாளும் அந்தக் கணக்கில் சேரா. உறுப்பினர் பொருள்களைப் படித்து, தம் வார்டில் இடத்தையும் போய்ப் பார்த்துவிட்டு வருவதற்காகவே அந்த இடைவெளி வைக்கப்பட்டது. கூட்டத்தன்று மேசையில் வைக்கப்படும் கூடுதல் பொருள், வழக்கில் டேபிள் அஜெண்டா, அவசரத்துக்கென்று தொடங்கிப் பிறகு வாடிக்கையாகிப் போனபோது, படித்துவிட்டு வாக்களிக்கும் உரிமை உறுப்பினர் கையிலிருந்து சத்தமில்லாமல் போய்விட்டது.

பணத்தைப் பற்றிய வாசகம் எவ்வளவு கவனமாக எழுதப்பட வேண்டும் என்பதற்குச் சென்னை மாநகராட்சியின் வரலாற்றிலேயே நல்ல சான்று இருக்கிறது. பி. தியாகராயர் தலைவராக இருந்த காலத்தில், 1920 செப்டம்பரில், ஆயிரம் விளக்குப் பகுதி மாநகராட்சிப் பள்ளியின் மாணவர்களுக்கு உணவு வழங்க மன்றம் அனுமதித்தபோது, நாளொன்றுக்கு மாணவர் ஒருவருக்கு ஓரணாவுக்கு மிகாமல் என்று வரம்பு வைத்தே அனுமதித்தது. பின்னாளில் மாநிலம் முழுதும் பரவிய மதிய உணவுத் திட்டத்துக்கு முன்னோடியாக இன்று போற்றப்படும் இந்த முடிவு, 1925இல் தடைப்பட்டதற்குக் காரணம் உணவு தேவையற்றது என்று எவரும் கருதியது அல்ல. தொடக்கக் கல்வி நிதியிலிருந்து உணவுக்குச் செலவிடுவதை அன்றைய அரசு ஏற்கவில்லை. செலவு எந்தத் தலைப்பின் கீழ் வருகிறது என்ற கேள்வி குழந்தைகளின் சோற்றையே நிறுத்தவல்லது என்பதை மன்றப் பிரிவினர் மறக்கலாகாது. வருவாய் நிதி, குடிநீர் வடிகால் நிதி, தொடக்கக் கல்வி நிதி என்று தமிழக நகராட்சிகளின் கணக்கு பிரிந்திருக்கையில், ‘பொது நிதியிலிருந்து’ என்று மட்டும் எழுதப்பட்ட தீர்மானம், உள்ளாட்சி நிதித் தணிக்கைத் துறையின் தடைக்குத் தானாகவே போய் நிற்கும்.

எனினும் நிதித் தலைப்பு கற்றுக்கொள்ளக்கூடியதுதான், புத்தகத்தில் இருக்கிறது. இத்தொழிலில் எளிதில் வசப்படாதது பொதுப்பணியின் எல்லையை எழுதுவது. ‘தேரடித் தெருவில் மழைநீர் வடிகால் அமைத்தல்’ என்ற ஒரு வரி, படிப்பவருக்கு எல்லாம் சொல்லிவிட்டதுபோல் தோன்றும். தெரு எந்த இடத்தில் தொடங்குகிறது, வடிகால் கிழக்குப் பக்கமா மேற்குப் பக்கமா, இருபக்கமுமா, எத்தனை மீட்டர், கடைவாசல்களுக்கு முன்னே மூடு பலகை உண்டா, நீர் கடைசியில் எங்கே போய்ச் சேரும் என்ற எதையும் அந்த வரி சொல்லவில்லை. சொல்லப்படாத ஒவ்வொன்றையும் பின்னர் வேறு யாரோ ஒருவர் முடிவு செய்கிறார். மதிப்பீடு தயாரிக்கும் பொறியாளரோ, ஒப்பந்ததாரரோ, தம் கடைக்கு முன்னே தோண்டக்கூடாது என்று நினைக்கும் செல்வாக்குள்ள வணிகரோ அதைச் செய்யும்போது, மக்கள் தேர்ந்தெடுத்த மன்றம் முடிவெடுத்தது என்பது பெயரளவில்தான் உண்மை.

இந்தக் கடினத்தோடு வாழ்நாள் முழுதும் மல்லுக்கட்டியவர், தென்மாவட்ட நகராட்சி ஒன்றில் மேலாளராக இருந்து மறைந்த ஒரு மூத்தவர். அவரிடம் பயின்றவர்கள் இன்றும் அவரை ‘மேனேஜர் ஐயா’ என்றே குறிப்பிடுகின்றனர். எழுத்தர் கொண்டுவரும் வரைவின் இடப்பக்க ஓரத்தில் சிவப்புப் பென்சிலால் அவர் எழுதி அனுப்பும் கேள்விகள் ஆண்டுதோறும் மாறியதில்லை: எங்கிருந்து, எங்கு வரை, எந்தப் பக்கம், தண்ணீர் எங்கே போகும். நான்குக்கும் வரைவிலேயே விடை இல்லையெனில் கோப்பு அவர் மேசையைத் தாண்டாது. ஆணையாளர் அவசரப்படுத்தினாலும் தாண்டாது. கோயில், தண்ணீர்த் தொட்டி, டீக்கடை போன்றவற்றை எல்லையாகக் காட்டுவதை அவர் ஏற்றதில்லை. டீக்கடை மாறிவிடும், தொட்டி இடிக்கப்படும், ஒரே தெருவில் கோயில் இரண்டு இருக்கும் என்பது அவர் சொன்ன காரணம். கதவு எண், சிறுபாலம், சர்வே எண், மீட்டர் ஆகியவையே எல்லையாக வேண்டும் என்பதும், எழுத்தர் ஒர்க் இன்ஸ்பெக்டரோடு தெருவில் ஒருமுறை நடந்துவிட்டு வந்த பிறகே எழுத வேண்டும் என்பதும் அவருடைய விதிகள். ஊரைப் பார்க்காதவன் படித்தாலும் அந்த இடத்தில் போய் நிற்கும்படி எழுத வேண்டும் என்று அவர் ஒவ்வொரு புது எழுத்தருக்கும் சொல்வார். அவர் மனத்தில் இருந்த வாசகர் பத்துப் பதினைந்து ஆண்டுகள் கழித்து வரப்போகும் தணிக்கையாளரும் நீதிபதியும்.

அவருடைய நான்காம் கேள்விதான் மிகவும் வெறுக்கப்பட்டது. இன்று முற்றாக மறக்கப்பட்டதும் அதுவே. ஒரு நீண்ட வடிகாலுக்கான மதிப்பீடு குறிப்பிட்ட தொகையைத் தாண்டினால் தொழில்நுட்ப அனுமதி, அதாவது மதிப்பீட்டின் அளவுகளும் விலைவிகிதங்களும் சரியென்று உரிய நிலைப் பொறியாளர் தரும் ஒப்புதல், மேல் அலுவலகத்திலிருந்து வர வேண்டியிருக்கும். அதைத் தவிர்ப்பதற்காகவே ஒரே வடிகாலைப் பல துண்டுகளாக்கி, தனித்தனிப் பணிகளாக வெவ்வேறு ஒப்பந்தப்புள்ளிகளுக்கு விடும் வழக்கம் எங்கும் காணப்படுகிறது. இத்துண்டுகளில் மேல்முனைத் துண்டு முதலில் கட்டி முடிக்கப்பட்டு, கீழ்முனைத் துண்டுக்கு நிதி வராமல் போனால், தெரு முழுவதன் மழைநீரும் வடிகால் நின்றுபோன இடத்துக் கடைகளுக்குள் புகும். வடிகால் கட்டப்படுவதற்கு முன் அந்தக் கடைக்காரருக்கு அந்தத் துன்பம் இருந்ததில்லை. எனவே மேலாளர் திருத்திய வரைவில், எடுத்துக்காட்டாக, தெருவின் மேற்குப் பக்கம் தென்முனைச் சிறுபாலம் முதல் வடக்கே இன்ன கதவு எண் வரை இத்தனை மீட்டர் என்று எல்லை குறிக்கப்பட்டு, நீர் தெற்கேயுள்ள வாய்க்காலில் சேரும் வகையில் பணி சிறுபால முனையிலிருந்தே தொடங்கப்பட வேண்டும் என்ற நிபந்தனையும் சேர்ந்திருக்கும். பொறியாளரின் வேலையில் எழுத்தர் தலையிடுகிறார் என்று இதற்கு எதிர்ப்பு எழாமல் இல்லை. ஆனால் எங்கிருந்து தொடங்குவது என்பது கம்பியும் சிமெண்டும் பற்றிய கேள்வி அல்ல, யாருடைய வீட்டில் தண்ணீர் நிற்கும் என்ற கேள்வி. அதைத் தீர்மானிக்க வேண்டியது மன்றம்.

சாலைப் பணியிலும் இதே நிலைதான். பழைய தார்த்தளத்தின் மேலேயே புதுத்தளம் போட்டுப் போட்டுத் தெரு உயர்ந்து வீடுகள் பள்ளத்தில் போன பிறகு, மேல்தளத்தைச் சுரண்டி எடுத்துவிட்டே புதிதாகப் போட வேண்டும் என்று 2021இல் தமிழக அரசு அறிவுறுத்தியது. சாலை மட்டம் உயரக்கூடாது என்ற ஒரு வரியை நிர்வாக அனுமதித் தீர்மானத்திலேயே சேர்க்கும் பழக்கம் நகராட்சிகளில் இருந்திருந்தால், அந்த அறிவுறுத்தலுக்காகத் தலைமைச் செயலகத்தை எதிர்பார்த்திருக்க வேண்டியதில்லை.

உள்ளூர் வணிகம் பற்றிய பொருள்களில் இடர் வேறு வகையானது. வாரச்சந்தையில் சுங்கம் வசூலிக்கும் உரிமை ஆண்டுக் குத்தகைக்கு ஏலம் விடப்படும்போது, ஏலத்தொகையை ஏற்கும் தீர்மானம் மட்டும் போதாது. தலைச்சுமைக்கு எவ்வளவு, கூடைக்கு எவ்வளவு, வண்டிக்கு எவ்வளவு என்ற கட்டண விகிதம் அத்தீர்மானத்தின் இணைப்பாக இருந்து, சந்தை வாயிலில் பலகையாகவும் வைக்கப்பட வேண்டும். இணைப்பு விடுபட்ட ஆண்டில் குத்தகைதாரர் கேட்டதே கட்டணம். அதைச் சுமப்பவர் இரண்டு கட்டுக் கீரையோடு விடியலில் வந்து உட்காரும் மூதாட்டி. நகராட்சிக் கடைகளுக்கு மூன்று ஆண்டுகளுக்கு ஒருமுறை 15 விழுக்காடு வாடகை உயர்வு என்ற முறை நெடுங்காலம் நடைமுறையில் இருந்தது. எந்தத் தேதியிலிருந்து உயர்வு என்பது எழுதப்படாத தீர்மானங்கள் நிலுவையாகவும் வழக்காகவும் வளர்ந்தன. 1920ஆம் ஆண்டுச் சட்டத்தின் 249ஆம் பிரிவும் ஐந்தாம் அட்டவணையும் ஆபத்தான அல்லது அருவருப்பான தொழில்கள் என்று வகுத்த விறகுக் கிடங்கு, தோல் பதனிடுதல் முதலியவற்றுக்கான உரிமக் கட்டணத்துக்கும் இதே கவனம் தேவைப்பட்டது. நடைபாதை வணிகர்களைப் பொறுத்தவரை, 2014ஆம் ஆண்டுத் தெருவோர வியாபாரிகள் சட்டம் வந்த பிறகும், ‘ஆக்கிரமிப்புகளை உடனே அகற்ற’ என்று ஒற்றை வரியில் தீர்மானம் எழுதுவது அறியாமையே. உறுப்பினர்களில் குறைந்தது 40 விழுக்காட்டினர் வியாபாரிகளாக இருக்க வேண்டிய நகர விற்பனைக் குழுவையும், இடம் மாற்றுவதற்கு முன் 30 நாள் அறிவிப்பையும் அச்சட்டம் கேட்கிறது. அவற்றைக் குறிப்பில் காட்டாத எழுத்தர் மன்றத்தை நீதிமன்றப் படியேற்றுகிறார்.

இத்தொழில் அறுபட்ட இடத்தைத் துல்லியமாகவே காட்டலாம். 2016 அக்டோபரில் பதவிக்காலம் முடிந்த நகர்ப்புற மன்றங்களுக்கு 2022 பிப்ரவரி 19 வரை தேர்தல் நடக்கவில்லை. ஐந்து ஆண்டுகளுக்கு மேலாக நகராட்சி ஆணையாளர்களே தனி அலுவலர்களாக இருந்து, மன்றத்தின் அதிகாரத்தையும் செலுத்தினர். ஆணையாளராகப் பொருளை வைப்பவரும் தனி அலுவலராக அதை ஏற்பவரும் ஒருவரேயாக, தீர்மானப் புத்தகம் தன்னோடு தானே பேசிக்கொண்டது. அக்காலத்தில் பணியில் சேர்ந்த இளைய எழுத்தர்கள் ஓர் உறுப்பினர் எழுந்து ‘இந்தப் பொருளில் என் தெருவை ஏன் விட்டீங்க?’ என்று கேட்டதைக் கண்டதே இல்லை. மாறுபட்ட கருத்தைப் பதிவு செய்யக் கோரும் உரிமை உறுப்பினருக்கு உண்டு என்பதையும் அவர்கள் பயன்பாட்டில் பார்க்கவில்லை. கேள்வி கேட்க ஆளில்லாத அவையில் சரியாக எழுதப் பழகுவது எவருக்கும் கடினம், ஆகவே குற்றம் அவர்களுடையது அல்ல. 2023 ஏப்ரலில் 1998ஆம் ஆண்டு நகர்ப்புற உள்ளாட்சி அமைப்புகள் சட்டமும் அதற்கான புதிய விதிகளும் நடைமுறைக்கு வந்தபோது, அவற்றைக் கற்பிக்கும் பயிற்சியோடு குறிப்பு எழுதும் பயிற்சியையும் சேர்த்திருக்கலாம். கணினியில் எந்தப் பொத்தானை அழுத்துவது என்ற பயிற்சிக்குக் குறைவில்லை; எல்லையை எப்படி எழுதுவது என்பதைச் சொல்லித்தர ஓய்வுபெற்ற ஒருவரையேனும் அழைத்ததாகத் தெரியவில்லை.

மன்றங்கள் திரும்பிய பிறகும் நிலைமை தேறிவிடவில்லை. பொருள்களைப் படிக்கத் தொடங்கும் முன்பே ‘ஆல் பாஸ்’ என்ற குரல் எழுந்து, அத்தனை பொருளும் ஒரே மூச்சில் நிறைவேறும் கூட்டங்கள் பல. அப்படி நிறைவேறிய பொருள்களுள் வேறொரு நகராட்சியின் பெயர் திருத்தப்படாமல் நிற்பவையும், ‘முதலிய பணிகள்’ என்ற இரு சொல்லால் எத்தனை இலட்சத்துக்கும் இடம் விடுபவையும் காணக் கிடைக்கின்றன. முற்காலத்தில் இத்தகைய வரைவு மேலாளர் மேசையைத் தாண்டியிருக்காது. இன்று அது தலைவரின் கையொப்பம் வரை தடையின்றிப் போகிறது.

ஆகவே நகராட்சி நிர்வாகத்திடம் வைக்க வேண்டிய கோரிக்கை சிறியதே: மன்றப் பிரிவுக்கு வரும் ஒவ்வொரு புதிய எழுத்தரையும், அவர் வரைவு எழுதத் தொடங்கும் முன், ஒரு மூத்தவரோடு இருத்தி, பழைய தீர்மானப் புத்தகங்களைப் படிக்க வைக்க வேண்டும், பணி நடக்கவிருக்கும் தெருவுக்கு அவரை அனுப்ப வேண்டும். குடிமக்களிடம் வைக்க வேண்டிய கோரிக்கையும் ஒன்று உண்டு. தெருவில் பள்ளம் தோண்டப்படும் நாளில் ஒப்பந்ததாரரோடு வாதிடுவதைக் காட்டிலும், அப்பணிக்கான மன்றத் தீர்மானத்தின் எண்ணையும் தேதியையும் கேட்பதே பயன் தரும். 2005ஆம் ஆண்டுத் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின்படி 10 ரூபாய் கட்டணத்துடன் விண்ணப்பித்தால் அதன் நகலைப் பெறலாம். நகலில் பணியின் எல்லை எழுதப்படவில்லையென்றால், வேலை முடியும் முன்பே வார்டு உறுப்பினரிடம் எழுத்து மூலம் முறையிட்டு, அடுத்த கூட்டத்தில் அதைப் பொருளாக வைக்கச் சொல்ல வேண்டும்.