பெரியப்பா ஷெட்டில் ஒரு சூப்பர்சார்ஜர்!

எங்கள் குடும்ப வாட்ஸ்அப் குரூப்பில் போன வருடம் முழுக்க ஓடியது ஒரே ஒரு பஞ்சாயத்துதான். பெரியப்பாவின் ஸ்டாண்டர்டு ஹெரால்டு காருக்கு சூப்பர்சார்ஜர் மாட்டலாமா, கூடாதா? அக்கா கல்யாணத்துக்கு மண்டபம் பிடித்தபோதுகூட இத்தனை வாய்ஸ் நோட் வந்ததில்லை. 'இருக்கிறதை இருக்கிறபடி விடுங்க' என்று ஒரு கட்சி. 'மனுஷன் ஆசைப்படறார், செய்யட்டுமே' என்று இன்னொரு கட்சி. நான் இரண்டாவது கட்சி. வாரம் ஆறு நாள் டிஜிட்டல் டெஸ்க்கில் செய்தி தட்டிவிட்டு, ஏழாம் நாள் குரோம்பேட்டையில் இருக்கும் பெரியப்பா ஷெட்டில் ஸ்பேனர் எடுத்துக்கொடுக்கும் வேலை எனக்கு.

பெரியப்பாவுக்கு 67 வயது. அம்பத்தூர் எஸ்டேட்டில் ஒரு கம்பெனியின் மெஷின் ஷாப்பில் 34 வருடம் வேலை பார்த்தவர். கார் 1968 மாடல். 1974-ல் தாத்தா செகண்ட் ஹேண்டில் வாங்கியது. இன்னும் அதே 'எம்எஸ்' நம்பர்தான்.

ஹெரால்டு நம்ம ஊர் கார். இங்கிலாந்தின் கவன்ட்ரியில் ஸ்டாண்டர்டு-டிரையம்ப் நிறுவனம் 1959-ல் அறிமுகப்படுத்திய டிரையம்ப் ஹெரால்டுதான், 1961 முதல் வண்டலூரில் ஸ்டாண்டர்டு ஹெரால்டாகத் தயாரானது. குரோம்பேட்டையில் இருந்து டிரெயின் ஏறினால் கொஞ்ச நேரம்தான். அதே ஹெரால்டின் சேஸிஸை நீளம் குறைத்து, அதே வம்சத்து இன்ஜினைப் பெரிதாக்கி, 1962-ல் இங்கிலாந்தில் ஒரு ஸ்போர்ட்ஸ் கார் வந்தது. டிரையம்ப் ஸ்பிட்ஃபயர். இரண்டையும் வரைந்தவர் ஒருவரேதான், இத்தாலியின் ஜியோவானி மிக்கலோட்டி. 'ஹெரால்டு அக்கா, ஸ்பிட்ஃபயர் தங்கச்சி' என்பார் பெரியப்பா. தங்கச்சிக்கு வீட்டு ஷெட்டிலேயே சூப்பர்சார்ஜர் மாட்டி ஓட்டும் ஆட்கள் வெளிநாட்டில் நிறைய பேர் இருக்கிறார்கள். அக்காவுக்கு மட்டும் ஏன் கூடாது என்பதுதான் அவர் கேள்வி.

ஊதுகுழல் கணக்கு

சூப்பர்சார்ஜர் என்றால் என்ன என்று பெரியம்மா கேட்டபோது, பெரியப்பா சொன்ன பதில் எனக்கு ரொம்பப் பிடித்தது. "விறகடுப்புல ஊதுகுழல் வெச்சு ஊதுவியே... அதான்."

இன்ஜின் ஒவ்வொரு முறையும் காற்றையும் பெட்ரோலையும் தானாக உறிஞ்சிக்கொள்கிறது. சூப்பர்சார்ஜர் என்பது அந்தக் காற்றை அழுத்தி உள்ளே தள்ளும் ஒரு பம்ப். காற்று அதிகமானால் கூடவே பெட்ரோலும் அதிகமாக எரியும், பவர் கூடும். டர்போவுக்கும் இதே வேலைதான். ஆனால், டர்போ வெளியே போகிற புகையின் வேகத்தில் சுற்றும். சூப்பர்சார்ஜர், இன்ஜினின் கிராங்க் ஷாஃப்ட்டில் இருந்து பெல்ட் போட்டுச் சுற்றுவது. அதாவது, அந்தப் பம்ப்பைச் சுற்றவே இன்ஜின் தன் பவரில் கொஞ்சத்தைக் கொடுக்க வேண்டும். "ஊதுறவனுக்கும் மூச்சு வாங்கும்ல? சும்மா எதுவும் வராதும்மா" என்பார் பெரியப்பா.

அவர் வாங்கியது ஐசின் நிறுவனத்தின் ஏஎம்ஆர் 500 என்ற குட்டி சூப்பர்சார்ஜர். ஜப்பானில் இருந்து வந்த பழைய பீஸ். பெயரில் உள்ள 500, அது ஒரு சுற்றுக்குத் தள்ளும் காற்றின் அளவு. 500 சிசி. இங்கேதான் கணக்கு வருகிறது. ஹெரால்டு இன்ஜின் 948 சிசி. ஃபோர் ஸ்ட்ரோக் என்பதால் இரண்டு சுற்றுக்கு ஒருமுறைதான் முழுசாக மூச்சு இழுக்கும். ஆக, ஒரு சுற்றுக்கு 474 சிசி. கிராங்க் ஒரு சுற்று சுற்றும்போது பம்ப் 1.4 சுற்று சுற்றினால் 700 சிசி காற்று வந்து நிற்கும். 474 சிசி போக வேண்டிய இடத்தில் 700. நடுவில் கசிவது, சூட்டில் விரிவது எல்லாம் கழித்தால், சுமார் 5 பிஎஸ்ஐ அழுத்தம் கிடைக்கும் என்பது பெரியப்பாவின் கணக்கு. சாதாரணக் காற்றின் அழுத்தமே 14.7 பிஎஸ்ஐதான். அதோடு இன்னொரு மூன்றில் ஒரு பங்கு.

இதையெல்லாம் அவர் காலண்டரின் பின்பக்கத்தில் பென்சிலால் போட்டுக் காட்டினார். நான் கால்குலேட்டரில் சரிபார்த்தேன். சரியாகத்தான் இருந்தது.

அண்ணன் சொன்னதும் நியாயம்தான்

முதல் கட்சியின் தலைவர், பெரியப்பாவின் ஒரே மகன். எனக்கு அண்ணன். பெங்களூரில் ஐ.டி வேலை. அவன் எதிர்ப்புக்குக் காரணம் பணம் இல்லை. "தாத்தா ஓட்டின காரை என் பொண்ணுக்குக் காட்டணும்ப்பா. இன்ஜினை மாத்திட்டா அது வேற கார்" என்றான்.

சட்டமும் அவன் பக்கம்தான். 50 வருடம் தாண்டிய வாகனங்களை 'வின்டேஜ்' என்று பதிவு செய்ய 2021-ல் மத்திய அரசு தனி விதி கொண்டுவந்தது. நம்பரில் 'விஏ' என்ற எழுத்து சேரும். கட்டணம் 20,000 ரூபாய். ஆனால் சேஸிஸ், பாடி, இன்ஜின் எதிலும் பெரிய மாற்றம் செய்யாமல் ஒரிஜினலாக இருக்க வேண்டும். சரி, வின்டேஜ் பதிவே வேண்டாம் என்று விட்டால்? அப்போதும் மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-வது பிரிவு நிற்கிறது. கம்பெனி கொடுத்த அமைப்பை இஷ்டத்துக்கு மாற்றி சாலையில் ஓட்டக்கூடாது. 2019-ல் உச்ச நீதிமன்றமும் இதை அழுத்திச் சொல்லிவிட்டது.

இந்தச் சண்டை உலகத்துக்குப் புதிதில்லை. 1929-ல் இங்கிலாந்தில் டிம் பிர்கின் என்ற ரேஸர், பென்ட்லியின் நாலரை லிட்டர் காருக்கு சூப்பர்சார்ஜர் மாட்டப் பிடிவாதம் பிடித்தார். ஆம்ஹெர்ஸ்ட் வில்லியர்ஸ் டிசைன் செய்ய, டோரதி பேஜெட் என்ற பணக்காரப் பெண் செலவு செய்தார். நிறுவனர் டபிள்யூ.ஓ.பென்ட்லிக்கோ துளியும் பிடிக்கவில்லை. பவர் வேண்டுமென்றால் பெரிய இன்ஜின் செய், ஊதிப் பெருக்காதே என்பது அவர் கட்சி. 1930 லே மான்ஸ் ரேஸில் ஜெயித்தது சூப்பர்சார்ஜர் இல்லாத பென்ட்லி ஸ்பீடு சிக்ஸ். பிர்கினின் கார்கள் பாதியில் நின்றன. ஆனால் அதே வருடம் பிரெஞ்சு கிராண்ட் ப்ரீயில் பிர்கின் அதே சூப்பர்சார்ஜர் பென்ட்லியை ஓட்டி இரண்டாவதாக வந்தார். இன்றைக்குப் பழைய கார் பிரியர்கள் உருகிப் பேசுவது அந்த 'ப்ளோயர் பென்ட்லி'யைப் பற்றித்தான். யார் ஜெயித்தார்கள் என்று நீங்களே சொல்லுங்கள்.

ஒருநாள் நான் பெரியப்பாவிடம் நேராகவே கேட்டேன். "ரோட்ல ஓட்டவே முடியாதுன்னு தெரிஞ்சும் எதுக்கு பெரியப்பா இது?"

கையில் இருந்த வேஸ்ட் துணியை மடித்துக்கொண்டே சொன்னார். "34 வருஷம் எவனோ போட்ட டிராயிங்குக்கு இரும்பை வெட்டிக்கிட்டு இருந்தேன். அளவு ஒரு முடி தப்பினா ரிஜெக்ட். ஒரே ஒரு பொருளாவது என் டிராயிங்குக்கு வெட்டணும்ல?"

அதற்குப் பிறகு நான் அந்தக் கேள்வியைக் கேட்கவில்லை.

நகைத் தராசும் நெயில் பாலிஷும்

வழியையும் அவரே கண்டுபிடித்தார். புதுப்பேட்டையில் ஒரு பழைய ஹெரால்டு இன்ஜின் இரும்பு எடைக்குக் கிடந்தது. அதைத் தூக்கிவந்தார். காரில் இருக்கும் தாத்தா காலத்து இன்ஜினைத் தொடாமல், இதில் வேலையை ஆரம்பித்தார். எது காருக்குள் போவது என்பதை அப்புறம் பார்த்துக்கொள்ளலாம் என்று அண்ணனுடன் தற்காலிகப் போர் நிறுத்தம்.

சூப்பர்சார்ஜர் மாட்டுவது கடைசி வேலை. அதைத் தாங்கும் இன்ஜினைத் தயார் செய்வதுதான் முதல் பத்து மாத வேலை. இந்த இன்ஜினில் கிராங்க் ஷாஃப்ட்டைத் தாங்குவது மூன்றே மெயின் பேரிங். அதிக பவர் கொடுத்தால் முதலில் அடி வாங்குவது அங்கேதான். அதனால் கிராங்க்கை கிரைண்டிங் கொடுத்து பேலன்ஸ் செய்து, புது பேரிங் போட்டார். லேத் பட்டறையில் போர் பண்ணி ஓவர்சைஸ் பிஸ்டன் போட்டார். நான்கு பிஸ்டன், நான்கு கனெக்டிங் ராடு. ஒவ்வொன்றையும் நகைத் தராசில் எடைபோட்டு, எது கனமோ அதைத் துளித்துளியாக அரத்தால் ராவி, நான்கும் ஒரே எடைக்கு வரும்வரை விடவில்லை. காற்றை அழுத்தினால் சூடாகும், சூடானால் பெட்ரோல் நேரம் கெட்டு வெடித்து பிஸ்டனில் தட்டும். அதைத் தவிர்க்க, தடித்த காப்பர் கேஸ்கெட் போட்டு கம்ப்ரஷனைக் கொஞ்சம் இறக்கினார். இப்போது பங்கில் கிடைப்பது 20 சதவிகிதம் எத்தனால் கலந்த பெட்ரோல். அது தட்டுவதைக் குறைக்கும், பழைய ரப்பரை மட்டும் அரித்துவிடும். ஆகவே ஹோஸ், பம்ப் டயாப்ரம் எல்லாமே எத்தனாலைத் தாங்குகிற ரகத்தில் புதுசு.

இதற்கிடையில்தான் ஒரு விஷயம் எனக்குப் புரிந்தது. பெரியப்பாவுக்கு வலது கண்ணில் புரை. மைக்ரோமீட்டரை ஜன்னல் பக்கம் கொண்டுபோய், அப்புறம் தலையைச் சாய்த்து, அப்புறம் "ஏம்மா, இதை ஒருதடவை படி" என்பார். ஆபரேஷன் தேதியை இன்ஜினுக்காகத் தள்ளிப்போட்டுக்கொண்டே இருந்தார். பெரியம்மாவின் கோபமெல்லாம் இதில்தான். பணத்தைப் பற்றி அவர் ஒரு வார்த்தை பேசியதில்லை. "கண்ணு போனதுக்கு அப்புறம் எதைப் பார்த்து ஓட்டுவீங்க?" என்று கேட்டார். முதல் ஸ்டார்ட் முடிந்த மறுவாரம் ஆபரேஷன் என்று எழுதி வாங்காத குறையாக முடிவானது.

டைமிங் செட் பண்ண, கிராங்க் புல்லியில் இருக்கும் சின்னக் கோட்டை, இன்ஜின் ஓடும்போதே டைமிங் லைட் அடித்துப் பார்க்க வேண்டும். அவருக்குத் தெரியவில்லை. என் பையில் இருந்த வெள்ளை நெயில் பாலிஷை அந்தக் கோட்டில் தடவினேன். "இப்ப தெரியுது... ஆனா நீயே பாரு" என்று லைட்டை என் கையில் கொடுத்துவிட்டார்.

முதல் ஸ்டார்ட் சூப்பர்சார்ஜர் இல்லாமல், பழைய சோலெக்ஸ் கார்புரேட்டரோடு. சைலன்ஸர் பைப்பை ஷெட்டுக்கு வெளியே நீட்டி, மணல் வாளியையும் தீயணைப்பானையும் பக்கத்தில் வைத்து, பிளக்கைக் கழற்றிவிட்டு செல்ஃப் அடித்து, ஆயில் பிரஷர் முள் ஏறியதைப் பார்த்த பிறகுதான் பிளக் மாட்டினார். மூன்றாவது செல்ஃபில் பிடித்தது. புது கேம் ஷாஃப்ட் பழக வேண்டும் என்பதற்காக, ஐடிலிங்கில் விடாமல் 2,000 ஆர்பிஎம்மில் 20 நிமிடம். பெரியம்மா அடுப்பை அணைத்துவிட்டு வந்து நின்றார். மறுவாரம் ஆபரேஷன் நடந்தது.

5 பிஎஸ்ஐ

கண் சரியான பிறகு சூப்பர்சார்ஜர் ஏறியது. எஸ்யூ கார்புரேட்டர் முன்னால், பம்ப் பின்னால். பெட்ரோல் துளி பம்ப் வழியாகவே போவதால் அதுவே கொஞ்சம் குளிர்ச்சி. முதல் நாள் பெல்ட் கழன்று பறந்தது. இரண்டு புல்லியும் நேர்க்கோட்டில் இல்லை, 2 மில்லிமீட்டர் வித்தியாசம். கண் தெளிந்த மனிதர் ஒரே பார்வையில் கண்டுபிடித்தார். பிராக்கெட்டைத் திரும்ப வெட்டி மாட்டினார்.

அடுத்த ஞாயிறு அண்ணன் பெங்களூரில் இருந்து வந்திருந்தான். திராட்டிலைத் திறந்ததும் இன்ஜின் சத்தத்துக்கு மேலே மெல்லிய விசில் மாதிரி ஒரு ஊளை எழுந்தது. ஸ்டாண்டில் வெறுமனே ஓடும் இன்ஜினில் மீட்டர் நிற்காது. நொடிநேரம் திறந்து மூடும்போது முள் 5-ஐத் தொட்டுவிட்டு இறங்கியது. டைமிங் லைட் பிடித்துக்கொண்டிருந்தது அண்ணன். "தொட்டுச்சுப்பா!" என்று கத்தியதும் அவன்தான்.

கணக்குப்படி, 35 குதிரைத்திறன் இன்ஜின் இப்போது 45-ஐத் தொடலாம். 1962 ஸ்பிட்ஃபயருக்கு சூப்பர்சார்ஜர் இல்லாமலேயே 63. அதைச் சொன்னேன். "அக்கா அக்காதான், தங்கச்சி தங்கச்சிதான்" என்று விழுந்து விழுந்து சிரித்தார் பெரியப்பா.

எது காருக்குள் போவது? அன்று சாப்பிடும்போது பெரியம்மாதான் தீர்ப்பு சொன்னார். "மாமா ஓட்டின இன்ஜின் அதுலயே இருக்கட்டும்ங்க. உங்க ஊதுகுழலை வெளியிலயே வெச்சு ஊதுங்க." பெரியப்பா மறுபேச்சு பேசவில்லை. ரசத்தை இன்னொரு கரண்டி கேட்டார். 'விஏ' பதிவுக்கு அண்ணன் விண்ணப்பித்துவிட்டான்.

சூப்பர்சார்ஜர் இன்ஜின் ஷெட்டில் டிராலி மேல் இருக்கிறது, பெரியம்மாவின் பழைய போர்வைக்குள். ஞாயிற்றுக்கிழமைகளில் தெருவில் இருக்கும் ஐ.டி.ஐ பசங்க நாலு பேர் வருகிறார்கள். போர்வையை எடுத்து, பெல்ட்டைக் கையால் சுற்றிக் காட்டி, அதே ஊதுகுழல் கதையில் இருந்து ஆரம்பிக்கிறார் பெரியப்பா. போன வாரம் காலண்டரின் பின்பக்கத்தில் புது டிராயிங் ஒன்றைப் பார்த்தேன். 6 பிஎஸ்ஐ-க்கு இன்னும் சின்னதாக ஒரு புல்லி வெட்ட வேண்டுமாம். பெரியம்மாவிடம் இன்னும் சொல்லவில்லை. நீங்களும் சொல்லிவிடாதீர்கள்!