ஒரு காலின் செலவு

இலைக்கால் நாவாய்ப்பூச்சிகளின் பின்னங்கால் பல இனங்களில் இலைபோல் விரிந்தோ, தொடை பருத்தோ இருக்கும். அமெரிக்காவின் தெற்கிலும் மெக்சிகோவிலும் சப்பாத்திக்கள்ளிப் பழத்தின் சாற்றை உறிஞ்சி வாழும் நார்னியா ஃபெமொரேட்டா என்ற இனத்தின் ஆணுக்கு அந்தக் கால்தான் ஆயுதம். கள்ளியில் நல்ல இடம் பிடித்தால்தான் பெண் கிடைக்கும் என்பதால், ஆண்கள் பின்னங்கால்களால் உதைத்தும் நெரித்தும் மோதிக்கொள்கின்றன. ஆனால் கொன்றுண்ணியிடம் அகப்பட்டாலோ தோலுரிக்கும்போது சிக்கினாலோ, அதே காலைக் கழற்றி எறிந்துவிட்டுத் தப்பும். போன கால் திரும்ப முளைக்காது. ஆயுதம் பெரிதாக ஆக நன்மையும் கூடும் என்பது பொதுவான நம்பிக்கை. சண்டையே இல்லாத நாளிலும் ஆயுதத்துக்குத் தீனி போட்டாக வேண்டும் என்பதை அந்த நம்பிக்கை மறந்துவிடுகிறது என்பேன்.

இதற்குச் சான்று 2018-இல் வெளியான இரண்டு ஆய்வுகள். வளரும் பருவத்தில் பின்னங்காலை இழந்த நார்னியா ஆண்களுக்கு, முழுக் கால்களோடு வளர்ந்தவற்றைவிட விந்தகங்கள் பெரிதாக இருந்தன. காலுக்குப் போயிருக்க வேண்டிய ஊட்டம் வேறிடம் போயிருக்கிறது. பனாமாவில் லெப்டொஸ்கெலிஸ் டிரைகலர் என்ற உறவினத்தில் பின்னங்கால்களை நீக்கியபோது, ஓய்விலிருக்கும் ஆணின் ஆற்றல் செலவு ஏறத்தாழக் கால் பங்கு குறைந்தது. உடலில் எதை நீக்கினாலும் செலவு குறையத்தானே செய்யும் என்று கேட்கலாம். நியாயமான கேள்விதான். ஆனால் சிறிய பின்னங்கால் கொண்ட பெண்ணிடம் அந்தக் குறைவு ஆணில் கண்டதைவிட மிகச் சிறிது. ஆணின் காலுக்கு அதிகம் செலவாவது அது ஆயுதமாகப் பருத்திருப்பதால்தான்.

அப்படியானால் இவ்வளவு செலவு வைக்கும் கால் ஏன் இன்னும் நீடிக்கிறது என்பது அடுத்த மறுப்பு. விந்தகம் எவ்வளவு பெரிதானாலும் பெண்ணை அணுக முடியாத ஆணுக்கு அதனால் பயனில்லை. இடத்தை வென்றுதரும் கால் தன் செலவை மீட்டுக்கொடுக்கிறது. போட்டி கடுமையாக இருக்கும் வரை அது தேவை. உயிருக்கு ஆபத்து வந்தால் உதறத்தக்கது. ஆகவே பருத்த காலைக் கண்டு வலிமையை மட்டும் வியப்பது பாதி அறிவுதான். அந்தப் பருமனுக்காக உடல் எதை விட்டுக்கொடுத்தது என்றும் கேட்டால்தான் அந்த உயிரை நாம் புரிந்துகொள்ளத் தொடங்குகிறோம்.