ஒரு அங்குலம் இறக்கினால் என்ன ஆகும்?

பழைய ஸ்போர்ட்ஸ் கார் ஒன்று கைக்கு வந்ததும் பலருக்கும் முதலில் வரும் ஆசை, அதைக் கொஞ்சம் கீழே இறக்க வேண்டும் என்பதுதான். டயருக்கும் மட்கார்டுக்கும் நடுவே தெரியும் இடைவெளி கண்ணை உறுத்தும். "அண்ணே, ரெண்டு இஞ்ச் இறக்கிருங்க, பாக்க கெத்தா இருக்கும்" என்று மெக்கானிக்கிடம் சொல்வார்கள். இது வெறும் அழகு சமாச்சாரம் என்றுதான் பலரின் நினைப்பு. சில கார்களில் அப்படி இல்லை. அங்கே உயரம் என்பது உயிர் சம்பந்தப்பட்ட விஷயம். அப்படி ஒரு காருக்குச் சென்னையோடு உறவும் உண்டு.

1962-ல் இங்கிலாந்தில் வந்த ட்ரையம்ப் ஸ்பிட்ஃபயர்தான் அது. இரண்டு பேர் உட்காரும் திறந்த கார். மேலே புது உடம்பு, கீழே இருப்பதில் பெரும்பகுதி 1959-ல் வந்த ட்ரையம்ப் ஹெரால்டின் சமாச்சாரம். இரண்டுக்கும் வடிவம் கொடுத்தவர் இத்தாலிக்காரரான ஜியோவான்னி மிகெலோட்டி. அந்த ஹெரால்டைத்தான் 1961 முதல் ஸ்டாண்டர்டு மோட்டார் ப்ராடக்ட்ஸ் ஆஃப் இந்தியா நிறுவனம் சென்னையில் "ஸ்டாண்டர்டு ஹெரால்டு" என்ற பெயரில் தயாரித்தது. மட்கார்டோடு சேர்ந்து மொத்த பானெட்டும் முன்பக்கமாகத் திறக்குமே, அதே கார்தான்.

இந்த இரண்டு கார்களின் பின்சக்கரங்களும் ஒரு தனி ரகம். உங்கள் கைகளைப் பக்கவாட்டில் நீட்டி, விரல்கள் மேலே பார்க்கும்படி உள்ளங்கையை மடக்குங்கள். தோள்தான் மூட்டு, உள்ளங்கைதான் சக்கரம். கையை உயர்த்தினால் விரல் நுனி உள்பக்கம் சாயும். தாழ்த்தினால் வெளிப்பக்கம் சாயும். ஸ்விங் ஆக்சில் என்பது இவ்வளவுதான். டிஃபரன்ஷியல் பக்கம் மட்டும் மூட்டு, சக்கரத்தின் பக்கம் மூட்டு கிடையாது. அதனால் கார் மேலே எழும்பினால் சக்கரங்களின் அடி உள்ளே மடங்கும். கார் தாழ்ந்தால் அடி வெளியே விரியும்.

இதில் என்ன ஆபத்து? காமயகவுண்டன்பட்டியில் ஒருவர் இப்படி ஒரு கார் வைத்திருக்கிறார் என்று வைத்துக்கொள்ளுங்கள். குமுளி போய்விட்டு லோயர் கேம்ப் நோக்கி மலையிறங்கி வருகிறார். ஒரு வளைவில் கொஞ்சம் வேகமாக நுழைந்துவிட்டுப் பயந்து ஆக்சிலேட்டரிலிருந்து சட்டென்று காலை எடுக்கிறார். யாரும் செய்வதுதான். உடனே எடை முன்னால் சாய்கிறது, பின்பக்கம் எழும்புகிறது. வெளிச்சக்கரத்தில் சாலை கொடுக்கும் பக்கவாட்டு விசை, நீட்டிய கையில் முட்டுக்கொடுத்தது மாதிரி காரை இன்னும் மேலே தூக்குகிறது. சக்கரம் மடங்குகிறது, டயரின் ஓரம் மட்டும் ரோட்டைத் தொடுகிறது. அடுத்த நொடி காரின் வால் வெளியே வீசப்படுகிறது. 1965-ல் ரால்ஃப் நேடர் தன் புத்தகத்தில் செவர்லே கோர்வைரைக் குற்றம் சாட்டியதும் இதே ரக ஆக்சிலை வைத்துத்தான்.

இப்போது ஸ்பிட்ஃபயர்காரர்கள் ஏன் பின்பக்கத்தை இறக்குகிறார்கள் என்பது புரிந்திருக்கும். குறுக்கே போகும் கமான் பட்டை டிஃபரன்ஷியலின் தலையில் உட்கார்ந்திருக்கிறது. நடுவே ஒரு அங்குல இரும்புக்கட்டை கொடுத்து, நீளமான ஸ்டட் போட்டு இறுக்கினால் கார் இறங்கும். சக்கரங்கள் முதலிலேயே லேசாக விரிந்து நிற்கும். மடங்குவதற்கு முன்னால் அவை கடக்க வேண்டிய தூரம் கூடுகிறது. முன்பக்கம் குட்டையான காயில் ஸ்பிரிங் போதும்.

இதன் மறுபக்கம்தான் முக்கியம். நம்மூர்ப் பழக்கம் நேர் எதிர். ரோடு மோசமா? கமான் பட்டையை வளைத்து அடி, கூட ஒரு பட்டை சேர், வண்டியைத் தூக்கு. லாரிக்கு அது சரி. ஸ்விங் ஆக்சில் காரை அப்படித் தூக்கினால் சக்கரம் நின்ற இடத்திலேயே பாதி மடங்கியிருக்கும். பார்க்கப் பத்திரமாகத் தெரியும் வழிதான் வளைவில் கவிழ்க்கும் வழி.

அப்படியானால் தாராளமாக இறக்கிவிடலாமா? அதற்கும் விலை உண்டு. ஸ்பிரிங்குக்கு அசைய இடம் குறையும். டயரின் உள்ளோரம் சீக்கிரம் தேயும். முன்பக்கத்தை அதிகம் இறக்கினால் ஒவ்வொரு பள்ளத்துக்கும் ஸ்டியரிங் தானாக இழுக்கும்.

அப்புறம் வேகத்தடை! இந்தியச் சாலைக் காங்கிரஸ் சொல்லும் வேகத்தடை 10 செ.மீ. உயரம், 3.7 மீட்டர் அகலம். ஸ்பிட்ஃபயரின் முன்-பின் சக்கரங்களுக்கு நடுவே 2.1 மீட்டர்தான். எனவே இரண்டு சக்கரமும் மேட்டின் மேல் ஏறி நிற்கும்போது, அந்த மேடு காரின் வயிற்றுக்கு நடுவே எழும்புவது சுமார் 3 செ.மீ. மட்டுமே. தொல்லை இல்லை. ஆனால் ஊருக்குள் அவரவர் இஷ்டத்துக்குப் போடும் வேகத்தடை ஒரு முழ அகலம்தான் இருக்கும். அது முழு 10 செ.மீ.யையும் எடுத்துக்கொள்ளும். காரின் அடிவயிறு 5 அங்குலத்தில், அதாவது 12.7 செ.மீ.யில் இருந்தால் மிச்சம் 2.7. ஒரு அங்குலம் இறக்கிவிட்டால் மிச்சம் ஏறக்குறைய பூஜ்யம். ஸ்பிரிங் கொஞ்சம் அமுங்கினாலே சைலன்சர் போச்சு. திராட்சைத் தோட்டத்து வண்டித்தடத்தைப் பற்றிச் சொல்லவே வேண்டாம்.

சட்டத்தையும் மறக்கக் கூடாது. தயாரிப்பாளர் குறித்த விவரங்களுக்கு மாறாக வண்டியை மாற்றுவதை 1988-ம் வருட மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-வது பிரிவு தடுக்கிறது. 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றமும் அதை உறுதி செய்தது. ஆசைப்பட்டு இறக்குகிறவர் முதலில் ஆர்.டி.ஓ. ஆபீசில் கேட்டுவிடுவது நல்லது.

தயாரித்தவர்கள் இந்த நோய்க்கு என்ன மருந்து கொடுத்தார்கள்? இங்கிலாந்தில் 1970-ல் வந்த ஸ்பிட்ஃபயர் மார்க் 4-ல், கமான் பட்டையில் பெரும்பாலானவை நடுவில் ஊஞ்சல் மாதிரி ஆடும்படி செய்தார்கள். வளைவில் கார் தூக்கிக்கொள்வது வெகுவாகக் குறைந்தது. சென்னையிலோ 1972-ல் வந்த ஸ்டாண்டர்டு கெஸலில் ஸ்விங் ஆக்சிலையே எடுத்துவிட்டு ஒரே தண்டான ஆக்சிலைப் போட்டார்கள். இரண்டு இடத்திலும் கை வைத்தது மூட்டின் மேல், உயரத்தின் மேல் அல்ல.

ஆகவே காமயகவுண்டன்பட்டிக்காரர் செய்ய வேண்டியது இதுதான். பின்பக்கத்தை ஒருபோதும் தூக்கக் கூடாது. இறக்கினாலும் ஒரு அங்குலத்தைத் தாண்டக் கூடாது. எதை இறக்கினாலும், எதை ஏற்றினாலும், வளைவுக்குள் போன பிறகு காலைச் சட்டென்று எடுக்கக் கூடாது. வேகத்தை வளைவுக்கு முன்னாலேயே குறைத்துவிட வேண்டும். அதற்கு ஒரு பைசா செலவில்லை, ஆர்.டி.ஓ.வும் கேட்க மாட்டார் :)