எங்கே கோடு கிழிப்பது

புதன்

ஜப்பானின் உனுமாவில் எடுத்த மாங்கனீஸ் கணுக்கள் ஹைட்ரோகுளோரிக் அமிலத்தில் நுரைத்துக்கொண்டிருக்கின்றன. செர்ட் என்ற சிலிக்காப் பாறையின் துண்டுகள் தனி வாளியில், ஹைட்ரோஃபுளோரிக்கில். எனக்குப் பயம் இரண்டாவதிடம்தான். சில விழுக்காடே உள்ள கரைசல் என்றாலும் தோலைத் தாண்டி உள்ளே இறங்கி உடம்பின் கால்சியத்தைப் பிடித்துக்கொள்ளும். வலி சில மணி நேரம் கழித்தே தெரியலாம். கால்சியம் குளுகோனேட் களிம்பு கைக்கெட்டும் இடத்தில் இருந்தால்தான் மூடியைத் திறப்பேன். கண்ணாடிப் பாத்திரத்தையே அரித்துவிடும் என்பதால் எல்லாம் பிளாஸ்டிக்.

வேடிக்கை என்னவென்றால், இந்த அமிலம் கரைப்பது சிலிக்காவை. நான் தேடும் ரேடியோலேரியா என்ற கடல் நுண்ணுயிரியின் கூடும் சிலிக்காதான். பாறையும் கூடும் ஒரே வேகத்தில் கரைவதில்லை என்ற சின்ன வித்தியாசத்தில் எங்கள் பிழைப்பு நடக்கிறது. 1970-களின் தொடக்கத்தில் ருமேனியாவின் துமித்ரிகா, அமெரிக்காவின் பெசாக்னோ போன்றவர்கள் இந்த வழியைத் திறந்துவிட்டார்கள். அதற்கு முன்பு செர்ட்டை மெல்லிய சீவலாக அறுத்து, வெட்டுமுகத்தைப் பார்த்துத்தான் பெயர் வைத்தார்கள். 1885-இல் ஜெர்மனியின் ரூஸ்ட் ஜுராசிக் இனங்களை விவரித்தது அப்படித்தான். கூம்பைக் குறுக்கே அறுத்தால் வட்டம், சாய்த்து அறுத்தால் முட்டை. அவர் பெயரிட்டவற்றில் பலவற்றை இன்று எதனோடு பொருத்துவது என்று தெரியாமல் விழிக்கிறோம்.

வியாழன்

63 மைக்ரான் சல்லடையில் அலசி, உலர்த்தி, தூரிகை நுனியால் பொறுக்கினேன். உருண்டையும் தட்டும் ஸ்புமெல்லேரியா பக்கம், கூம்பும் மணியும் நாசெல்லேரியா பக்கம். செர்ட்டில் வந்தவை பெரும்பாலும் மழுங்கிப்போன குவார்ட்ஸ் மணிகள். பெயர் சொல்ல வழியில்லை. கணுவில் வந்தவை வேறு ரகம். சேறு அமுங்கி இறுகுமுன்னே மாங்கனீஸ் கார்பனேட் சுற்றிக் கெட்டியாகிவிட்டதால், முள் முனைகூட முறியாமல் இருக்கிறது. சுற்றிலும் முள் சிலிர்த்த உனுமா எகினாட்டஸ் ஒன்று கிடைத்தது. அந்தப் பேரினத்துக்கு 1976-இல் இச்சிகாவாவும் யாவோவும் இந்த ஊர்ப் பெயரையே வைத்தார்கள்.

வெள்ளி

மழை. ஜெர்மன் உயிரியலாளர் ஹெக்கலின் படத்தட்டுகளைப் புரட்டினேன். சேலஞ்சர் ஆய்வுக் கப்பல் கொண்டுவந்த சேற்றிலிருந்து 1887-இல் 3,500-க்கும் மேற்பட்ட புதிய ரேடியோலேரியா இனங்களை விவரித்தவர், 140 தட்டுகள். சுவரில் மாட்டலாம் போலத்தான் இருக்கின்றன. ஆனால் வகைப்பாடு என்று பார்த்தால் அவர் செய்தது வடிவக் கணிதம்: கோளம், தட்டு, கூம்பு, எத்தனை முள், எத்தனை அறை. உறவே இல்லாதவை ஒரே வடிவத்துக்கு வரக்கூடும் என்பதற்கு அந்தப் பட்டியலில் இடமில்லை. அவர் ரேடியோலேரியாவில் சேர்த்த ஃபியோடேரியா கூட்டத்தையே, மரபணு பார்த்து 2004-இல் வெளியே அனுப்பிவிட்டார்கள். அழகு அவர் கண்ணை மறைத்துவிட்டது என்பது என் கட்சி.

இப்போது குடும்பம் பிரிப்பதற்கு வெளித்தோற்றத்தைவிட உள்ளே இருக்கும் குச்சிகளே முக்கியம். நாசெல்லேரியாவின் உச்சி அறைக்குள், கூடு வளரத் தொடங்கிய நாளில் உண்டான சில சிலிக்காக் குச்சிகள் எந்தப் பக்கம் போகின்றன என்று பார்க்க வேண்டும். உயிருள்ளவற்றில் பார்த்துவிடலாம். ஜுராசிக் கூட்டுக்குள் பெரும்பாலும் குவார்ட்ஸ் அடைத்திருக்கும். ஆக, கொள்கை உள்ளே, வேலை வெளியே.

சனி

வெயில் வந்ததும் கிசோ ஆற்றங்கரைக்குப் போனேன். இனுயாமாவில் கோட்டை நிற்கும் குன்றே செர்ட்தான். கரையில் சில சென்டிமீட்டர் தடிமனில் செர்ட், நடுவே ஒட்டினாற்போல் களிக்கல், மறுபடி செர்ட் என்று அடுக்கு மடங்கி நெளிந்து போகிறது. ஆயிரம் ஆண்டுக்கு ஒரு மில்லிமீட்டர் கணக்கில் படிந்த கடலடி. ஒவ்வோர் அடுக்கிலும் இந்த நுண்ணுயிர்க் கூடுகள்.

1960-கள் வரை இந்த வட்டார மலைகளைப் பேலியோசோயிக் காலத்தவை என்றே நம்பினார்கள். நம்பியதில் தப்பில்லை: நடுவே இருக்கும் சுண்ணாம்புக் கற்களில் பெர்மியன் காலத்து ஃபியூசுலினிட் புதைபடிவங்கள் அப்பட்டமாகத் தெரிகின்றன. பிறகு கொனோடோன்ட் என்ற பழங்காலக் கடல் விலங்கின் பற்கள் செர்ட்டை டிரையாசிக் என்று காட்டின. 1970-களின் கடைசியிலிருந்து சேற்றுப்பாறையை அமிலத்தில் போட்டுப் பார்த்தபோது வந்தவை ஜுராசிக் ரேடியோலேரியா. பழைய கல் உள்ளே, அதைச் சூழ்ந்த சேறு பல கோடி ஆண்டு இளையது! நடுக்கடலில் செர்ட், கரையை நெருங்க நெருங்கச் சிலிக்காச் சேறு, அகழிக்கு வந்ததும் நிலத்து மணல் என்று சுமந்துகொண்டே ஒரு கடலடித் தட்டு ஆசியாவின் ஓரத்தில் வந்து புகுந்து, மேலே சுமந்ததைச் சுரண்டிவிட்டுப் போயிருக்கிறது. ஜப்பானின் நிலவியல் வரைபடத்தில் பெரும்பகுதியைத் திருத்தி வரைய வேண்டிவந்தது. மயிரிழை அளவுள்ள கூட்டுக்கு யாரோ சரியான பெயர் சொன்னதால் வந்த வினை.

திங்கள்

மின்னணு நுண்ணோக்கியில் காலை முழுக்க ஸ்ட்ரியாட்டோஜபோனோகாப்சா. மூன்று அறை, கடைசி அறை பருத்து, நீளவாக்கில் வரி ஓடி, பம்பரம் போல இருக்கும். இதில் பிளிகாரம் என்ற இனம் சிறிது சிறிதாக மாறி கோனெக்ஸா ஆகிறது. மாற்றம் முக்கியமாக அடிப்பகுதியில். ஜப்பானிய ஆய்வாளர் மட்சுவோகா வகுத்த ரேடியோலேரியாக் காலப்பிரிவில் ஜேஆர்4 முடிந்து ஜேஆர்5 தொடங்குவது, ஏறத்தாழ 17 கோடி ஆண்டுக்கு முன் நடந்த இந்த மாற்றத்தில்தான்.

என் தட்டிலோ இரண்டுக்கும் நடுவே நிற்பவை ஏராளம். இடைப்பட்டவற்றுக்கு சின்கோனெக்ஸா என்று மூன்றாவது பெயர் ஒன்றும் ஏற்கெனவே உண்டு. அதனால் தொல்லை தீர்ந்ததா? முன்பு ஒரு கோடு எங்கே என்று சண்டை. இப்போது இரண்டு கோடு.

1995-இல் லோசானில் வெளியான, ஆயிரம் பக்கத்தைத் தாண்டிய, டெதிஸ் என்ற பழங்கடலின் ரேடியோலேரியாத் தொகுப்பு வேறு வழியில் போகிறது. எது எதிலிருந்து வந்தது என்று கேட்காமல், எது எதோடு சேர்ந்து வாழ்ந்தது என்று கணக்கிட்டு, நடு ஜுராசிக் முதல் கீழ் கிரெட்டேசியஸ் வரை 22 மண்டலம் பிரிக்கிறது. கெட்டுப்போன மாதிரிகளுக்கு அதுவே பாதுகாப்பு. ஆனால் அந்தக் கணக்கும் பெயரில்தான் தொடங்குகிறது. இரண்டு இனத்தை ஒன்றாக்கினால் மண்டலத்தின் எல்லை நகரும். எனக்கு மட்சுவோகாவின் வழியே பிடிக்கிறது: கோடு கிழிப்பவர் தன் கையைக் காட்டிவிட்டுக் கிழிக்கிறார்.

செவ்வாய்

எனக்கு வழிகாட்டும் சென்செயிடம் படங்களைக் காட்டினேன். ஒரே படத்தை அவர் கோனெக்ஸா என்றார், அடுத்த மேசை மூத்த மாணவர் சின்கோனெக்ஸா என்றார். இருவருக்கும் பலமான காரணம் இருந்தது. தனிக் கூட்டைப் பார்த்துப் பேசினால் இது முடியாது, அடி தெரியும் கூடுகளை மட்டும் எடுத்து, மொத்தமாக அளந்து, பரவலைப் போடு என்றார் சென்செய். அதுதான் சரி. அடி உடைந்தவற்றுக்கு இனப்பெயர் தரமாட்டேன், பேரினத்தோடு நிறுத்திவிடுவேன். அட்டவணையில் அந்த வரிசை நீண்டு, பார்க்க அசிங்கமாக இருக்கும். இருக்கட்டும்.

மேலடுக்கிலிருந்தும் கணு வேண்டும். அங்கே கோனெக்ஸா மட்டும் நின்றால் எல்லை இரண்டு அடுக்குக்கும் நடுவே எங்கோ மாட்டும். ஆற்றில் நீர் வடிந்தால் வியாழக்கிழமை போகலாம் என்கிறார்கள்.