இரண்டு உள்ளே, ஒன்று வெளியே

சின்னசேலம் பேருந்து நிலையத்துக்கு வெளியே ஒரு மோர் வண்டி. சித்திரை வெயில். மக்காச்சோள மூட்டை ஏற்றிவிட்டு வந்த லோடுமேன் ஒருவர் தலைத்துண்டை அவிழ்த்துப் பிழிகிறார்.

"இன்னும் கொஞ்சம் உப்பு போடுக்கா."

"போட்டாச்சுப்பா. குடிச்சிட்டுச் சொல்லு."

ஆத்தூர், சேலம் என்று கண்டக்டர் கூவுகிறார். இவர் திரும்பவில்லை. டம்ளர் ஒரே மூச்சில் காலி.

உப்பு இறங்குகிறது. இரைப்பையில் கடும் அமிலம். சிறுகுடலின் கடைசிப் பகுதியை நெருங்கும்போது லேசாகக் காரம். அங்கிருந்து பெருங்குடல் வரை ஈ.கோலை பாக்டீரியா குடியிருக்கிறது. பெரும்பாலும் சாதுதான், ஊரில் அதற்குக் கிடைத்த கெட்ட பெயர் சற்று அதிகம். நீளம் ஒரு மில்லிமீட்டரில் ஐந்நூறில் ஒரு பங்கு. தன் உடம்புக்குள் சோடியம் தேங்கினால் அதற்கு நஞ்சு. அதனால் தன் சவ்வில் ஒரு புரதத்தைப் பதித்து வைத்திருக்கிறது. பெயர் என்.எச்.ஏ-ஏ, வகை ஆன்டிபோர்ட்டர். இரண்டு புரோட்டான்களை உள்ளே விட்டு ஒரு சோடியம் அயனியை வெளியே அனுப்பும்.

அமினோ அமிலங்கள் 388. சவ்வைக் குறுக்காகக் கடக்கும் சுருள்கள் 12. அவற்றில் நான்காவதும் பதினொன்றாவதும் நடுவழியில் முறிந்து, முறிந்த இடத்தில் ஒன்றையொன்று குறுக்கே வெட்டுகின்றன. பக்கத்திலேயே 163, 164 என்று அடுத்தடுத்த எண்களில் இரண்டு ஆஸ்பார்டேட் அமினோ அமிலங்கள். அயனி உட்காரும் இடம் அதுதான்.

ஜெருசலேம் ஹீப்ரு பல்கலைக்கழகத்தின் எட்டானா படானும், பிராங்க்பர்ட்டில் ஹார்ட்முட் மிஷெல் குழுவினரும் 2005-ல் இதன் படிக வடிவத்தை வெளியிட்டார்கள். பி.எச். எனும் அமில-கார அளவில் 4-ல் வளர்ந்த படிகம் அது. அந்த அமிலத்தில் இந்தப் புரதம் வேலை செய்யாது. உலகம் முதலில் பார்த்தது இது தூங்கும் கோலத்தைத்தான்.

பி.எச். 6.5-க்குக் கீழே அசைவே இல்லை என்று சொல்லலாம். 8.5-ல் நிமிடத்துக்குச் சுமார் ஒரு லட்சம் சுற்று. எது எழுப்புகிறது? தனியாக ஓர் உணர்கருவி இருக்க வேண்டும் என்று பலர் தேடினார்கள். எனக்கு 2011-ல் வந்த எளிய விளக்கமே பிடித்திருக்கிறது: புரோட்டானும் சோடியமும் போட்டி போடுவது ஒரே இருக்கைக்கு. அமிலத்தில் புரோட்டான் கூட்டம் இருக்கையை விடுவதில்லை, சோடியத்துக்கு இடமில்லை. காரம் ஏறினால் இருக்கை காலியாகிறது. விழிப்பும் தூக்கமும் அந்த நெரிசல்தான்.

ஏன் இரண்டுக்கு ஒன்று? சூட்சுமம் இங்கேதான். செல்லின் உள்ளே பி.எச். 7.6 போல நிற்கிறது. வெளியே 8.5 என்றால் புரோட்டான் உள்ளேதான் அதிகம். வெளியிலிருந்து வரச் சொன்னால் எதிரேற்றம். ஒன்றுக்கு ஒன்று மாற்றினால் மின்னூட்டம் சமன், சவ்வின் மின்னழுத்தத்தால் உதவ முடியாது, சோடியம் வெளியேறாது. இரண்டு வந்து ஒன்று போனால் ஒவ்வொரு சுற்றிலும் ஒரு நேர்மின்னூட்டம் உள்ளே மிஞ்சும். செல்லின் உட்புறம் எதிர்மின். அந்த இழுப்பே எதிரேற்றத்தை வென்று சோடியத்தை வெளியே தள்ளுகிறது. மின்னழுத்தத்தைத் தக்கவைப்பது சுவாசச் சங்கிலி. புரோட்டானை ஓயாமல் வெளியே தள்ளுவது அதன் வேலை. பீட்டர் மிட்செல் 1961-ல் சொன்ன கணக்கு. 1978-ல் அவருக்கு நோபல்.

அயனி போக நேர்த் துளை எதுவும் இல்லை. இருக்கை ஒரு சமயத்தில் ஒரு பக்கம்தான் திறக்கும். வெந்நீரில் வாழும் தெர்மஸ் தெர்மோபிலஸ் பாக்டீரியாவின் நாப்-ஏ என்ற உறவுப் புரதத்தை டேவிட் ட்ரூ குழு வெளிமுகம் பார்த்த நிலையில் 2013-லும், உள்முகம் பார்த்த நிலையில் 2016-லும் காட்டியது. புரதத்தின் ஒரு பகுதி அசையாமல் நிற்க, இருக்கையைச் சுமக்கும் பகுதி கிணற்று வாளிபோல ஏறி இறங்குகிறது. தூரம் சுமார் 10 ஆங்ஸ்ட்ராம்.

லோடுமேனின் குடல் சுவரிலும் இதன் தூரத்து உறவு ஒன்று வேலையில் இருக்கிறது: என்.எச்.இ-3. அங்கே திசை தலைகீழ். சோடியம் உள்ளே, புரோட்டான் வெளியே, ஒன்றுக்கு ஒன்று. சுவர்ச் செல்லின் மறுபக்கத்துப் பம்பு சோடியத்தை இடைவிடாமல் இறைப்பதால் செல்லுக்குள் சோடியம் எப்போதும் குறைவு. குடலிலிருந்து அது தானாகவே உள்ளே சரிகிறது. பாக்டீரியா வெளியே தள்ளிய உப்பும் அதில் சேர்த்தி.