உப்பும் இனிப்பும்

1972ஆம் ஆண்டு பாரிசு நகரில் நண்பரொருவர் எமக்கு விருந்தளித்தார். நாம் புலாலுண்ணாமை அறிந்து, நீலப்பூஞ்சணம் ஓடிய ரொக்ஃபோர் என்னும் செம்மறியாட்டுப் பாற்கட்டியையும், போர்தோப் பகுதிச் சோத்தேர்ண் திராட்சை மதுவையும் முன்வைத்தார். முன்னது ஒரே உப்பு. பின்னது பூஞ்சணம் பற்றிச் சுருங்கிய பழத்தின் தேனினிமை. (இரண்டிலும் பூஞ்சணமே கைவேலை செய்திருக்கின்றது!) ஒன்றின் மிகையை மற்றது தணிக்கும் என்றார் அவர்.

மதுவைத் தொடோம் என அன்னைக்கு வாக்களித்தே கப்பலேறியிருந்தோம். ஆயினும் ஒரு மிடறு பருகினோம். நண்பர் கூறியது மெய்யே. கல்லூரி விடுதியில் உப்புந் தூளுந் தொட்டு மாங்காய் தின்று, உடனே பனங்கட்டி கடித்த நாவன்றோ எமது!

அவ்வாரம் அன்னைக்கு வரைந்த மடலிற் பாற்கட்டியைப் பற்றி மட்டுமே எழுதினோம்.