குளிர் காலத்துக்கு எத்தனை டன்?

ஆஸ்திரியா என்றதும் உங்களுக்கு என்ன நினைவுக்கு வரும்? மொஸார்ட்டின் சங்கீதம், வியன்னா நகரத்து அரண்மனைகள், பனி மூடிய ஆல்ப்ஸ் மலைகள் - இவைதானே? ஆனால் அந்த நாட்டுக் குடும்பத் தலைவிகளில் பலருக்குக் கோடை காலம் வந்துவிட்டால் சங்கீதத்தைப் பற்றியோ மலைகளைப் பற்றியோ நினைக்கப் பொழுது இராது. "வருகிற குளிருக்கு எத்தனை டன் வாங்கிப் போடுவது?" என்பதுதான் அவர்களுடைய கவலை.

எதை வாங்குவது என்கிறீர்களா? வாருங்கள், நேரில் போய்ப் பார்க்கலாம்.

வியன்னாவில் ரயிலேறித் தெற்கே ஸ்டைரியா மாகாணத்துக்குப் பிரயாணம் செய்வோம். வழியில் ஸெம்மெரிங் மலைப் பாதை வருகிறது. 1854-ம் வருஷம் திறக்கப்பட்டது. வளைந்து வளைந்து, குகைகளில் நுழைந்தும் பாலங்களில் ஏறியும் மலையைக் கடக்கிறது. அப்புறம் மூர் நதியின் பள்ளத்தாக்கு. ஜன்னலுக்கு வெளியே எங்கே திரும்பினாலும் கரும்பச்சை நிறத்தில் ஊசியிலைக் காடுதான். மாகாணத்தில் பாதிக்கு மேல் காடு. 'ஆஸ்திரியாவின் பச்சை இதயம்' என்று அதற்குப் பெயர் வைத்திருப்பது பொருத்தந்தான். ஆற்றோரத்தில் மர அறுப்பு ஆலைகளும், அடுக்கடுக்காக வெட்டுமரங்களும் கண்ணில் படும்.

மரத்தை அறுத்தால் மரத்தூள் சேரும் அல்லவா? அந்தத் தூளையும் இழைப்புச் சீவலையும் காய வைத்து, இயந்திரத்தில் கொடுத்து அழுத்திச் சின்னச் சின்னக் குச்சிகளாக்கிவிடுகிறார்கள். 'பெல்லெட்' என்று பெயர். 6 மில்லிமீட்டர் பருமன். நீளம் அதிகமாய்ப் போனால் 4 சென்டிமீட்டர். அழுத்தும்போது உண்டாகும் உஷ்ணத்தில் மரத்திலுள்ள ஒரு பொருளே இளகிப் பசைபோல் பிடித்துக்கொள்கிறது. கையில் அள்ளினால் வழவழவென்று பளபளப்பாக இருக்கும். புது மரத்தின் வாசனை வரும்.

கிராஸ் நகரத்துப் புறங்களில் உள்ள வீடு ஒன்றின் நிலவறைக்கு இறங்கிப் பார்ப்போமா? முன்பு அங்கே எண்ணெய்த் தொட்டி இருந்திருக்கும். இப்போது அதே இடத்தில் பெல்லெட் அறை. அடித்தளம் இரு பக்கமும் சரிவு. நடுவில் திருகாணி போன்ற நீண்ட தண்டு ஒன்று சுழன்று, குச்சிகளைக் கொஞ்சம் கொஞ்சமாகப் பாய்லருக்குள் தள்ளுகிறது. பாய்லரில் சுட்ட தண்ணீர் குழாய் வழியாக அறை அறையாகப் போய் வீட்டைக் கதகதப்பாக்குகிறது. அக்டோபரிலிருந்து ஏப்ரல் வரையில் இந்த வைபவம் நடந்தாக வேண்டும். வெளியே பனி பெய்யும்போது நடு இரவில் குச்சி தீர்ந்து போனால் குழந்தைகள் கதி என்ன? பெரியவர்கள் கதி என்ன? கணக்கு அங்கேதான் முக்கியமாகிறது.

கணக்கு கஷ்டமானதல்ல. மூன்று வழிகள் இருக்கின்றன.

முதல் வழி, பழைய எண்ணெய்ச் செலவைப் பார்ப்பது. 2 கிலோ பெல்லெட், 1 லிட்டர் எண்ணெய்க்குச் சமம். வருஷத்துக்கு 2,000 லிட்டர் எண்ணெய் எரித்த வீடானால் 4,000 கிலோ, அதாவது 4 டன் வேண்டும்.

இரண்டாவது வழி, வீட்டின் 'சக்திச் சான்றிதழைப்' பார்ப்பது. அந்த நாட்டில் வீட்டை விற்கும்போதும் வாடகைக்கு விடும்போதும் காட்ட வேண்டிய பத்திரம் இது. ஒரு சதுர மீட்டருக்கு வருஷத்துக்கு எத்தனை யூனிட் உஷ்ணம் தேவை என்று அதில் எழுதியிருக்கும். நம் மின்சார மீட்டரில் வரும் அதே யூனிட்தான். 130 சதுர மீட்டர் வீடு, சதுர மீட்டருக்கு 150 யூனிட் என்றால் மொத்தம் 19,500 யூனிட். 1 கிலோ பெல்லெட் சுமார் 4.8 யூனிட் கொடுக்கும். வகுத்துப் பாருங்கள்: 4 டன்னுக்குச் சற்று மேல்! வெந்நீருக்கும், புகைபோக்கி வழியே வீணாவதற்குமாக இன்னும் கொஞ்சம் சேர்த்துக்கொள்ள வேண்டும்.

மூன்றாவது வழி, அறை கட்டுகிறவர்களுடையது. மிகக் கடுமையான குளிர் நாளில் வீட்டுக்கு வேண்டிய உஷ்ண சக்தி எத்தனை கிலோவாட்டோ அதை 0.9-ஆல் பெருக்கினால், அறை எத்தனை கன மீட்டர் இருக்க வேண்டும் என்று வரும். 10 கிலோவாட் வீட்டுக்கு 9 கன மீட்டர். சரிவுக்குக் கீழுள்ள இடம் வீண். மூன்றில் இரண்டு பங்கு, 6 கன மீட்டர்தான் நிரம்பும். 1 கன மீட்டரில் 650 கிலோ பிடிக்கும். ஆக 3,900 கிலோ. மறுபடியும் ஏறக்குறைய அதே 4 டன்!

அப்படியானால் எல்லா வீட்டுக்கும் 4 டன் என்று எழுதி வைத்துவிடலாமா? கூடவே கூடாது. அதே 130 சதுர மீட்டர் வீட்டின் சுவருக்கும் கூரைக்கும் நன்றாகக் காப்புப் போட்டு, சதுர மீட்டருக்கு 50 யூனிட்டே போதும் என்று செய்துவிட்டால், சுமார் 1,350 கிலோவில் வருஷம் ஓடிவிடும். இடமும் முக்கியம். கிராஸ் நகரம் கடல் மட்டத்துக்கு மேல் சுமார் 350 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. அதே மாகாணத்தில், டாக்ஸ்டைன் மலையடியில் உள்ள ராம்ஸாவ் கிராமம் 1,100 மீட்டருக்கு மேல். கிராஸ் வீட்டை அப்படியே தூக்கி அங்கே வைத்தால் அதன் பசி அதிகமாகிவிடும். வீட்டுக்குள் இருப்பவர்களின் வழக்கமும் கணக்கில் சேரும். அறையின் உஷ்ணத்தை 1 டிகிரி குறைத்துக்கொண்டால் செலவு சுமார் 6 சதவிகிதம் குறையும். ஒரு கம்பளிச் சட்டை எத்தனை கிலோ பெல்லெட்டுக்குச் சமம், பாருங்கள்!

ஆகையால் கெட்டிக்காரப் பெண்மணி சூத்திரத்தை மட்டும் நம்புவதில்லை. எப்போது எத்தனை வாங்கினோம், எப்போது எவ்வளவு மிச்சம் என்று நோட்டுப் புத்தகத்தில் குறித்து வைக்கிறாள். செலவு மாதா மாதம் சமமாக இராது. டிசம்பர், ஜனவரி, பிப்ரவரி மூன்று மாதங்களே பாதிக்கு மேல் விழுங்கிவிடும். ஜனவரி நடுவில் அறையில் பாதி இருக்கிறதா என்று எட்டிப் பார்த்துக்கொண்டால் பயமில்லை.

இந்தக் குறிப்புப் புத்தகத்தின் அருமை 2022-ல் தெரிந்தது. அவ்வருஷம் பிப்ரவரியில் உக்ரைன் யுத்தம் பெரிதாக மூண்டது. எரிவாயு விலை ஏற, ஜனங்கள் அடுப்பை மாற்றவும் பெல்லெட் சேர்க்கவும் கிளம்பினார்கள். ருஷ்ய மரத்துக்கு ஐரோப்பா தடை போட்டது. இலையுதிர் காலத்துக்குள் பெல்லெட் விலை முந்திய வருஷத்து விலையைப் போல் இரண்டு மடங்குக்கு மேல் ஏறிவிட்டது. கணக்குத் தெரிந்தவர்கள் தங்களுக்கு எவ்வளவு வேண்டுமோ அவ்வளவு வாங்கினார்கள். தெரியாதவர்கள் பயத்தில் அதிகமாக வாங்கினார்கள். அல்லது விலை இறங்கும் என்று காத்திருந்து குளிரின் வாசலில் நின்றார்கள்.

"அப்படியானால் மலிவான காலத்தில் மூன்று வருஷத்துக்குச் சேர்த்து வாங்கிப் போட்டால் என்ன?" என்று கேட்பீர்கள். ஈரம் பட்டால் இந்தக் குச்சி ஊதி, உதிர்ந்து, பழையபடி மரத்தூளாகிவிடும். அடியில் சேரும் தூளை அவ்வப்போது காலி செய்து துடைக்கவும் வேண்டும். ஆகவே ஒரு குளிர் காலத் தேவையும், இடமிருந்தால் அதற்கு மேல் ஐந்தில் ஒரு பங்கும் இருந்தால் போதும்.

இன்னொரு விஷயத்தில் மிகவும் ஜாக்கிரதை வேண்டும். பெல்லெட் குவியலிலிருந்து கார்பன் மோனாக்ஸைடு என்ற விஷ வாயு கசியும். நிறமில்லை, வாசனையில்லை. புதிதாக நிரப்பிய முதல் வாரங்களில் அதிகம். காற்றோட்டமில்லாத அறைக்குள் நுழைந்து உயிரிழந்தவர்கள் ஐரோப்பாவில் உண்டு. ஆகவே அறைக்குக் காற்று போகும் மூடிகள் வைக்கிறார்கள். கதவைப் பூட்டி வைக்கிறார்கள். உள்ளே போவதானால் பாய்லரை நிறுத்தி, வெகு நேரம் கதவைத் திறந்து வைத்து, வெளியே ஒருவரைக் காவல் நிறுத்திய பிறகே போகிறார்கள். சேமிப்பு என்றால் அளவு மட்டுமல்ல, பத்திரமும்தான்.

கோடையில் ஒரு நாள் டாங்கர் லாரி வாசலில் வந்து நிற்கும். நீளமான குழாயைச் சுவரிலுள்ள வாயில் பொருத்தி, காற்றின் வேகத்தில் 4 டன்னையும் உள்ளே ஊதிவிட்டுப் போய்விடும். அடுத்த ஏப்ரலில் அத்தனையும் எரிந்து தீர்ந்த பிறகு மிஞ்சும் சாம்பல் எவ்வளவு தெரியுமா? தரமான பெல்லெட்டானால் 28 கிலோவுக்கு மேல் இராது. அதைக் கொட்டிவிட்டு, நோட்டுப் புத்தகத்தில் அந்த வருஷத்துக் கணக்கை முடித்து, அடுத்த வருஷத்துக்கு ஒரு புதுப் பக்கத்தைத் திருப்புகிறாள் வீட்டுக்காரி.